உப்பிய டப்பா

எங்கள் ஜவ்வாது மலையில் பீட்சா என்ற பண்டத்தை முதன்முதலில் சுட்டவர் என் அப்பாதான் என்று எந்தச் சபையிலும் சொல்வேன். அதற்குத் தக்காளி டப்பா பொறுக்கியது நான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பயணியர் விடுதியில் அப்பா சமையல்காரர். தற்காலிக வேலை. மரங்களைப் பற்றி ஆராய வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் அங்கே மூன்று மாதமாகத் தங்கியிருந்தார். ஊர் திரும்புமுன் தன் நாட்டுப் பண்டத்தைச் செய்து விடுதிக்குப் பொறுப்பான அதிகாரிக்கு விருந்து வைக்க அவருக்கு ஆசை. அந்த அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் அப்பாவுக்கு வேலை நிரந்தரமாகிவிடும். என்னைப் பெற்ற அம்மா, பெயர்கூடச் சொல்லத் தெரியாத அந்தப் பண்டத்துக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டாள்.

சந்தைத் தக்காளி தண்ணீர் விடும், டப்பாத் தக்காளிதான் சரி என்றார் வெள்ளைக்கார அம்மா. அவர் பெட்டியில் நான்கு டப்பாக்கள் மிச்சமிருந்தன. நல்லதாக ஒன்றை எடுத்துத் திறக்கச் சொல்லிவிட்டு மாவு பிசையப் போனார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் படிக்கிற புள்ள. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு."

ஐந்தாம் வகுப்புப் படிப்பு அங்கே உதவவில்லை. நான்கிலும் ஒரே எழுத்து, ஒரே படம். ஆனால் ஒன்றின் மூடி மட்டும் மேலே புடைத்திருந்தது. எங்கள் மலையில் சாமையைப் படியில் கூம்பாக அளந்து போடுகிறவர்தான் யோக்கியர். தலை தட்டி அளப்பவரிடம் மறுமுறை போகமாட்டோம்.

"இத்த எடுப்பா. எப்டி ரொம்பிக் கீது பாரு" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்றார் அப்பா. முகம் தெளிந்துவிட்டது.

கத்தி முனை இறங்கியதும் டப்பா புஸ்ஸென்று சீறி அவர் சட்டையில் துப்பியது. அப்பா சமாளித்துக்கொண்டு, எந்தக் குழம்புக்கும் செய்வதுபோல உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

வெள்ளைக்கார அம்மா ஓடிவந்து அந்தக் கையில் ஓங்கி அடித்தார்.

"சாப்பிட்டது? சாப்பிட்டது?"

"இல்லீங்கம்மா" என்றார் அப்பா, திட்டு வாங்கிய பையனைப் போல.

அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். டப்பாவைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். அடிவாரத்து டீக்கடையில் மலைக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்தத் தீட்டுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தட்டை மூடி டப்பா ஒன்றைத் திறந்து, விறகடுப்பில் மேலும் கீழும் தணல் வைத்துப் பீட்சா தயாரானது. அதிகாரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவுக்கு வேலை நிலைத்தது.

"இன்னா பாப்பா, துன்னலியா?" என்று என் பங்கை நீட்டினார் அப்பா.

"உன்ன அடிச்சவங்க ரொட்டி எனக்கு வாணாம்."

"டப்பா கெட்டுப்போச்சாம் பாப்பா. அதான் தட்டிவுட்டாங்க."

நான் நம்பவில்லை. கெட்டுப்போனதைக் கொட்டுவார்கள், குழி தோண்டியா புதைப்பார்கள்? விடைபெறும்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தொட வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உப்பிய டப்பாவுக்குள் ஆளைக் கொல்லும் விஷம் இருக்கலாம், ருசிகூடப் பார்க்கக் கூடாது என்று பல வருடம் கழித்து நர்ஸ் படிப்பில் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு அந்தத் தோட்டத்துக் குழி நினைவுக்கு வந்தது. அப்பாவின் கையைத் தேய்த்த அந்த அம்மாவின் கைகள் நடுங்கியதை நான் அன்றைக்கே பார்த்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.