கரும்பில்லாத பொங்கல்படி

அரையாண்டு விடுமுறை. காலை எட்டே கால் ரயிலில் அம்பாசமுத்திரத்தில் ஏறினேன். பெட்டி முழுக்கத் திருநெல்வேலி பார்க்கப் போகும் குடும்பங்கள். சேரன்மகாதேவி வயல்களில் மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை.

நான் போனது பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கை கோமதியைப் பார்க்க. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் அவள் மணப்பாட்டுக் கத்தோலிக்கர் ஒருவரை மணந்தாள். அதன்பின் ஒரு வருடமும் நான் அவளுக்கு அண்ணன் சீராகப் பொங்கல்படி கொண்டுபோகவில்லை. பிறந்த வீட்டு அரிசியும் வெல்லமும் கரும்பும் வந்திறங்குகிறதா என்று எங்கள் பக்கத்தில் தெருவே பார்க்கும். அவளைத் தலைகுனிய வைக்கத்தான் நிறுத்தினேன். கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். அறியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஒன்பதரைக்கு டவுன் நிலையத்தில் இறங்கினேன். நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ரதவீதிக் கடைக்குப் போனேன்.

"பொங்கப்படியா அண்ணாச்சி? மார்கழிலயே கிளம்பிட்டியளே" என்றார் கடைக்காரர்.

"கொஞ்சம் பிந்திட்டு."

"பிந்திட்டா? கரும்பும் மஞ்சக்குலையுமே இன்னும் எறங்கல. பனங்கிழங்கு வேணா கொண்டு போங்க."

அரிசி, வெல்லம், தேங்காய், பனங்கிழங்கோடு பை கனத்தது. நூறு கிராம் அல்வா முப்பது ரூபாய்; இலையில் சுடச்சுடத் தந்தார்கள். பிறகு குறுக்குத்துறைக்குப் போய், பிள்ளைகள் ஆற்றில் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாக ஊர் சுற்றினேன் என்று எழுதலாம். உண்மையில் பயம்.

நான்கு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். பாளையங்கோட்டைக்கு நூற்றைம்பது ரூபாய். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிய வீடு. கதவைத் திறந்தவர் கோமதியின் கணவர். என்னையும் பையையும் பார்த்தார்.

"வாங்க மச்சான். முப்பத்திரண்டு வருஷமா ரயில் லேட்டோ?"

கோமதி வந்தாள். தலை நரைத்திருந்தது. "நான் செஞ்சது தப்பும்மா" என்றேன். அவள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"வருஷா வருஷம் இவளே மார்க்கெட்டுல வாங்கி ஆட்டோல கொண்டு வந்து இறக்குவா, மச்சான்" என்றார் அவர். "அண்ணன் கொடுத்து விட்டாகன்னு எதிர்வீட்டுல சொல்லுவா."

என் பெயரை அந்தத் தெருவில் அவள்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

காலிப் பையை உதறி மடித்தபடி கோமதி கேட்டாள்: "கரும்பு எங்க?"

"இன்னும் வரலையாம்."

"நான் வாங்குன படில ஒரு வருஷமும் கரும்பு இல்லாம இருந்ததில்ல." பையை என் கையில் கொடுத்தாள். "போகிக்கு முந்தி கரும்போட வாங்க. காலைலயே வந்திருங்க. எதிர்வீட்டுக்காரி வாசல்ல நிக்கும்போது வரணும்."

மாலை ரயிலில் திரும்பினேன். பாளையங்கோட்டை போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டவுனில் இறங்காதீர்கள், அங்கே நேரம் போய்விடும். ஜங்ஷனில் இறங்கினால் ஆற்றுப் பாலம் தாண்டி நேரே போய்விடலாம்.