கற்பூரம் அணைத்த கை

எங்கள் மலையில் குண்டனி நாட்டுப் பக்கம் ஒரு கதவு பளபளவென்று இருந்தால் அது பூபதி பெயிண்ட் அடித்ததுதான். பிரஷ் தடம் ஒன்றுகூடத் தெரியாது. ஆள்தான் தலை முதல் கால் வரை தடமாக இருப்பான். "ஊட்டுக்குப் போறதுக்குள்ள உனக்கும் ஒரு கோட்டிங் அடிச்சுக்கடா" என்று கிண்டல் செய்வேன். நான் ஜீப் ஓட்டுகிறவன். முள்ளுக்குறிச்சியிலிருந்து அவனுக்கு பெயிண்டும் அதை இளக்குகிற தின்னரும் ஏற்றி வருவது என் வண்டிதான்.

ஒரு காலத்தில் அவன் மொடாக்குடியன். அவன் பெண்டாட்டி அத்தாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டுக்கை அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிக் குடிப்பதில்லை என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பி வந்தாள். எங்கள் மலையில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பொய்ச் சத்தியம் என்றால் கை வெந்துபோகும் என்பார்கள். "இன்னொருக்கா குடிச்சீங்கன்னா என்னையும் புள்ளையையும் மறந்துருங்க" என்றாள். அப்புறம் அவன் தொடவே இல்லை. சாவு வீட்டில் ஊற்றிக் கொடுத்தபோதுகூட எழுந்து போனான், நானே பார்த்தேன்.

போன மார்கழியில் திண்ணனூர் நாட்டில் ஒரு புது விடுதிக்கு பெயிண்ட் வேலை. ஓவர்சியர் நவநீதகிருஷ்ணன் கீழ்நாட்டு ஆள், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவன். மார்கழிக் குளிரில் தின்னர் லேசில் ஆவியாகாது, அடித்த பெயிண்ட் பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். அதனால் எங்கள் பெயிண்டர்கள் தின்னர் டப்பாவை, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் அண்டாவுக்குள் வைத்துச் சூடாக்குவார்கள். ஆனால் அண்டா வாசலில் இருக்கும், ஜன்னலெல்லாம் திறந்திருக்கும். இந்தப் புண்ணியவானோ, "பனி உள்ள வந்தா பெயிண்ட் வெளுத்துரும், எல்லாத்தையும் சாத்துய்யா. அண்டாவையும் உள்ளயே வெச்சுக்க" என்றான்.

"தலை கிறுகிறுங்குதுங்க சார்" என்றான் பூபதி.

"நாளைக்குத் திறப்பு விழா. கிறுகிறுப்பெல்லாம் அப்புறம் வெச்சுக்க."

கூட வேலை செய்த பிரேம் வாந்தி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். இதெல்லாம் அவன் பிறகு என்னிடம் சொன்னது. ஊராரிடம் சொல்லடா என்றால் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வேலை வேண்டுமே!

தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு படுத்துக் கிடக்கும். பெயிண்ட் கடை சேக் மைதீன் பாய் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "வண்டியில பீடி பத்த வெச்சிராதீங்க. குளிர்ல காயத்தான் மாட்டேங்கும், நெருப்பப் பாத்தா ஓடிவந்து புடிச்சுக்கும்." பூபதி தரையில் உட்கார்ந்து கதவின் அடிப்பாகத்தை அடித்துக்கொண்டிருந்தான். அத்தனை ஆவியும் அவன் மூக்குக்குத்தான் போயிற்று. எழுந்தவன் குடித்தவன் மாதிரித் தள்ளாடி டப்பாவைக் கவிழ்த்து அதன் மேலேயே விழுந்தான். சட்டையும் வேட்டியும் தின்னரில் ஊறிப்போயின.

அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். சோற்றுத் தூக்கோடு எதிரே நின்றாள் அத்தாயி.

"குடிச்சீங்களா?"

"இல்ல புள்ள..." நாக்கு குழறியது. அவள் ஓவர்சியரைப் பார்த்தாள். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க."

"எனக்கென்னம்மா தெரியும்? ஆளப் பாத்தாலே தெரியலையா?" என்றான் அந்தப் பாவி. எல்லாவற்றையும் சாத்தச் சொன்னவனே அவன்தான்.

அத்தாயி அழவில்லை. திறப்பு விழாவுக்கு வாங்கி வைத்திருந்த பூஜை சாமானிலிருந்து கற்பூரத்தை எடுத்து வாசற்படியில் கொளுத்தினாள். "அப்படின்னா அணைங்க."

பூபதிக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். மனசில் குற்றமில்லாதவனுக்கு வேறென்ன? "இதா புள்ள" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான். விழாவுக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு அப்போதுதான் நான் போய் வண்டியை நிறுத்தினேன். தின்னர் வாடை குப்பென்று அடித்தது. "டேய், வேண்டாண்டா!" என்று கத்தினேன். அவன் கை கற்பூரத்தைத் தொடவே இல்லை. அதற்குள் நெருப்பு அவனைப் பிடித்துக்கொண்டது.

ஜீப் படுதாவைப் போட்டு அமுக்கி, சேலத்துக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

ஊர் ஒரே பேச்சுதான் பேசியது: "அம்மன் காட்டிட்டா." தின்னர்டா, தின்னர்டா என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "சாமி காரியத்துல வாயவிடாத கருப்பண்ணா" என்று என்னையே அடக்கினார்கள். விடுதியைக் குறித்த நாளில் திறந்தார்கள். கதவுகளைத் தடவிப் பார்த்து எல்லாரும் மெச்சினார்களாம்.

அத்தாயி அவனை விட்டுப் போகவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை. வேளாவேளைக்குச் சோறு ஊட்டுகிறாள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பேச்சு. "சாமிகிட்டயே பொய் சொன்ன கை. அதான் சோத்துக்கு என் கையப் பாக்குது." மகள் அப்பன் பக்கத்தில் வருவதே இல்லை.

போன வாரம் போயிருந்தேன். அத்தாயி தண்ணீருக்குப் போயிருந்தாள். பூபதி ஒட்டிப்போன கைகளை என் முன்னால் நீட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே நெனப்பில்லீங்ணா. அம்மன் பொய் சொல்லுமா? நெசமாச் சொல்லுங்க, நான் குடிச்சிருந்தனா?"