லெஃப்ட் விங்குக்கு ஒரு பெயர்

2006இல் ஞாயிறானால் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, கடலூருக்குக் கால்பந்து பார்க்கப் போவேன். மைதானத்து வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருந்தார் ஒருவர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். உள்ளூர் டீமில் யார் யார் இறங்குவார்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே காலண்டர் தாளின் பின்பக்கம் பதினொரு பெயரை எழுதிவிடுவார்.

"ஆடப்போறவன் வண்டிய உள்ளார தள்ளிப் பூட்டுவான் சார். வேடிக்கை பாக்க வந்தவன் வாசல்லயே சாய்ச்சிட்டுப் போயிடுவான்" என்பார்.

பத்துப் பெயர் தப்பாது. இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் விங்குக்கு வாராவாரம் எழுதும் அதே பெயர் மட்டும் தப்பும். அந்தப் பெயரில் டீமில் ஆளே கிடையாது.

"யாருங்க இது? ஒருநாளும் எறங்கலியே" என்று ஒருமுறை சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவரோரம் துருவேறி நின்ற சைக்கிளைக் காட்டினார். டயர்களில் மட்டும் காற்று முழுசாக இருந்தது.

"சுனாமி அன்னிக்குக் காலைல, பீச்சுல ஓடிட்டு மேட்சுக்கு வந்துடறேன்னு பூட்டிட்டுப் போனான். வண்டி உள்ளாரதான சார் நிக்குது, பேர எப்டி எடுக்கறது?"

அன்றைக்கு லெஃப்ட் விங்கில் ஆடியவன் இரண்டு கோல் போட்டான். எனக்குத்தான் கைதட்ட வரவில்லை.