நிகழ்காலம் மட்டும் போதும்

ஜிப் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்குப் பல் டாக்டர் என்று பெயர். நாடாவில் பல் பதிக்கும் இயந்திரங்கள் வரிசை தப்பினால் சரிசெய்கிறவர் அவர்தான். சொந்தப் பல் வலித்தால் மட்டும், டாக்டரிடம் போகப் பயந்து தாடையைப் பிடித்துக்கொண்டு திரிவார்.

தலை நரைத்த பிறகு அவரை ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள்.

"ஸ்பானிஷ் பேசற ஒரு நாட்டுலேர்ந்து பெரிய ஆர்டர் வருது. மெஷினைப் பத்தி அவங்க ஏதாவது கேட்டா பதில் சொல்லணுமே. உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார் மேனேஜர். சம்பள உயர்வு கேட்டபோது அவரை விட்டால் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

வேலை முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு. டீச்சர் அதிகம் சிரிக்காத பெண். குடையை மடியில் வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். எடுத்த எடுப்பிலேயே ஒழுங்கில்லாத வினைச்சொற்கள். 'நீ', 'அவன்', 'அவர்கள்' என்று வரும்போது ஒரு வழியில் போகிற சொல், 'நான்' வந்து நின்றதும் கோணிக்கொள்ளும். தெரியும் என்பதற்கு நீ என்றால் ஸபேஸ், அவன் என்றால் ஸபே. நான் என்றால் வெறும் ஸே.

"நம்ம வீட்டுலயும் அப்படித்தானே! எல்லாரும் ஒழுங்கா இருப்போம், நீங்க வந்ததும் கோணிக்கும்" என்றாள் மனைவி. அவளும் அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு. இரண்டும் ஒரே வாசலில் கிடைத்தன.

வைக்கிறேன் என்பதற்குப் போங்கோ என்று தெரிந்ததும் தொழிற்சாலையே சிரித்தது. "வாங்கன்னு சொல்லாம போங்கோன்னு சொல்றாங்களே, என்ன மரியாதை மச்சான்!" அவரைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் போங்கோ போட்டுவிட்டுப் போனார்கள். அவரும் சிரித்தார். ஆனால் படித்தார். த்ராய்கோ, கொண்டுவருகிறேன். சால்கோ, வெளியேறுகிறேன். எந்தெந்தச் சொல் வேண்டும் என்று கம்பெனியே சொல்லி அனுப்பியிருந்தது.

ஒருநாள் கேட்டார். "எதிர்காலம் எப்போ டீச்சர்?"

டீச்சர் குடைப்பிடியைத் திருகினார். "உங்க கம்பெனி நிகழ்காலம் மட்டும் போதும்னு சொல்லிருச்சு."

அன்றிரவு சாப்பிடும்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"போன மாசம் டேப் வச்சு கம்பெனித் தரையை அளந்துட்டுப் போனாங்களே, அது எதுக்காம்?"

"பெயின்ட் அடிக்கத்தான். வேற எதுக்கு?"

"அளவெடுக்கிறது சட்டைக்கு, இல்லைன்னா சவப்பெட்டிக்கு. தரைக்கு யாருங்க சட்டை தைக்கிறாங்க?"

"வாயக் கழுவு" என்றார். ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார்.

ஸ்பானிஷ்காரர்களோடு வீடியோவில் பேசும் நாள் வந்தது. கைதட்ட ஆள் வேண்டும் என்று எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். டீயும் உண்டு. ஓசி டீ என்றதுமே பல் டாக்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

கேட்கப்போகும் கேள்வி முன்பே தெரியும். மூலையில் நிற்கும் பழைய இயந்திரத்துக்கு மாமியார் என்று பெயர். எப்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அவர் மட்டும் பக்கத்தில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, மாமியாரின் விலாவில் கைவைத்துக் கேட்டு, காலடியில் ஒரு துண்டு நாடாவை மடித்துச் செருகுவார். ஓடும். கை வைக்கிறேன், கேட்கிறேன், செருகுகிறேன் என்று முழுவதையும் ஸ்பானிஷில் உருப்போட்டிருந்தார்.

திரையில் ஒரு பெரிய கூடம் தெரிந்தது. காலி. தரையில் மஞ்சள் கோடுகள். ஏதோ விளையாட்டு மைதானம் என்றுதான் முதலில் நினைத்தார். கட்டங்கள் வரிசையாகப் போய், நடுவில் ஓரிடத்தில் விலகி வளைந்து, மறுபடி நேராகின. இங்கே இயந்திரங்கள் அப்படித்தான் நிற்கின்றன, நடுவில் தூண் இருப்பதால். அங்கே தூண் இல்லை. இல்லாத தூணுக்கும் வழிவிட்டிருந்தார்கள்.

மூலையில் மாமியாரின் கட்டம். அதன் பக்கத்தில், கவிழ்த்த டிரம் அளவுக்கு, ஒரு வட்டம்.

ஆர்டர் வரப்போவதில்லை, இயந்திரங்கள் போகப்போகின்றன. மாமியாரை அங்கே ஓட்டத் தெரிந்துவிட்டால், இங்கே இவர்கள் யாரும் தேவையில்லை.

திரையில் ஒரு பெண் சிரித்த முகமாகக் கேட்டாள். மூலையில் இருப்பது நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு சொல் விடாமல் புரிந்தது. அதுதான் கொடுமை.

"நோ ஸே" என்றார்.

சிலர் கைதட்டினார்கள். மேனேஜர் டீச்சர் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்றாரு?"

"தெரியாதுங்கறாரு."

"தெரியாதா? இவருக்கா?"

"உச்சரிப்பு சரியா இருக்கு சார்" என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

மேனேஜர் திரையைப் பார்த்துப் புன்னகைத்தார். புன்னகை மாறாமலே சொன்னார். "பரவாயில்ல. தெரியற வரைக்கும் தினமும் கிளாஸ் வைங்க."

பின்வரிசையிலிருந்து மனைவி வந்து அவரை உரசி நின்றாள். "ஏங்க, நெஜமாவே தெரியாதா?"

அவர் திரையைக் காட்டினார். அவள் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு போனாள். வளைவில் ஒருமுறை நின்றாள். கடைசிவரை போய்த் திரும்பினாள்.

"என் பேக்கிங் மேசையைக் காணோமே" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒருவன் குனிந்து, மூலையில் இருந்த வட்டத்துக்கு இன்னொரு பூச்சு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தான்.