கல்யாணக் கார் போட்ட யூ-டர்ன்

அக்கா வீட்டு ஜங்ஷனை முன்பொரு வாரம் இந்தப் பத்தியில் நான் திட்டித் தீர்த்தது நினைவிருக்கிறதா? வலது பக்கம் திரும்பக்கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்களே... அதே ஜங்ஷன்தான். திட்டியதை இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணம், போன சனிக்கிழமை நான் ஓட்டிய கல்யாணக் கார்.

மறந்தவர்களுக்காக ஒரு நிமிடம். எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு சந்தின் இடது முனையில் அக்கா வீடு. முன்பெல்லாம் சந்திலிருந்து வந்து, சிக்னலில் காத்திருந்து, பெரிய சாலையில் வலது பக்கம் திரும்புவோம். மூன்று முறை சிவப்பு விழுந்தாலும் நம் முறை வராது! இப்போது சிக்னலே கிடையாது. எல்லாரும் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரம் போய், யூ-டர்ன் போட்டு, எதிர்ப்பக்கமாக அக்கா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் யாருக்கும் குறுக்கே வருவதில்லை. அதனால் நெரிசலும் இல்லை.

இந்தச் சாலை மாற்றத்தை வரைந்த ஆபீசில்தான் அக்கா மகள் கயல்விழிக்கு வேலை. வரைந்ததில் அவள் கையும் உண்டு. அக்காவுக்குப் பெருமையா? அட, நீங்க வேற!

"பக்கத்துல இருக்கிற பாசாருக்குக் காய்கறி வாங்கப் போக, எம் மக என்னை ஊரையே சுத்த விட்டுட்டா" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பல்.

அந்தக் கயலுக்குத்தான் கல்யாணம். கோயிலில் தாலி கட்டியாயிற்று, அக்கா வீட்டில் பால் பழமும் ஆயிற்று. பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தாய்மாமன் என் பொறுப்பு.

டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது அக்கா என் காதருகே வந்தாள்.

"டேய் தம்பி, அந்த யூ-டர்ன் பக்கம் போயிடாத. வாழப்போற பொண்ணு, கிளம்பின வீட்டுக்கு எதிர்லயே திரும்பி வரக்கூடாது. நேரா போய் எங்கயாவது சுத்திக்கிட்டுப் போ. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அக்கா அழவில்லை. கயலும் அழவில்லை. இரண்டு பேருமே அழுத்தக்காரிகள். "போயிட்டு வரேன்மா." "ம்... பாத்துப் போ." அவ்வளவுதான். கார் நகர்ந்ததும் அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே மனசு கேட்கவில்லை.

இடது பக்கம் திரும்பினேன். நேராகப் போகலாமென்றால், யூ-டர்னுக்கு அந்தப் பக்கம் டூரிஸ்ட் பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

மாப்பிள்ளை மெல்ல வாயைத் திறந்தார். "மாமா, ஒன்றரைக்குள்ள வீட்டுல கால் வைக்கணுமாம். அப்புறம் எமகண்டம்லா. அம்மா ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாங்க."

அங்கே எமகண்டம். இங்கே அக்கா. நான் எதற்கென்று பயப்படுவேன்?

"யூ-டர்ன் போடுங்க மாமா" என்றாள் கயல்.

"உங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்மா."

"அம்மாதான் உள்ள போயிட்டாங்களே..." குரல் உடைந்துவிட்டது. "வீட்டையாவது இன்னொரு வாட்டி பாத்துக்கிறேனே மாமா."

போட்டேன்.

எதிர்ப்பக்கமாக வந்தோம். வீடு தெரிந்தது. சந்துப் பக்கத்து வாசலில் யாரும் இல்லை. ஆனால் பெரிய சாலையைப் பார்த்த வேலியோரத்தில், பட்டுப்புடவையோடு, எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது யார்?

அக்கா! நாங்கள் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனவள், அடுக்களை வழியாக அங்கே ஓடிவந்திருக்கிறாள்.

காரை மெதுவாக்கினேன். கயல் கண்ணாடியை இறக்கி "அம்மா!" என்று கத்தினாள். அக்கா இரண்டு கைகளையும் ஆட்டினாள். நாலைந்து விநாடிதான் இருக்கும். பழைய சிக்னல் இருந்திருந்தால் வலது பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்திருப்போம். அந்த நாலைந்து விநாடி இரண்டு பேருக்குமே கிடைத்திருக்காது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

ஒன்றேகாலுக்கெல்லாம் பாகான் டாலாம் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன்.

"டேய், நீ திரும்பி வரல. நான் எதையும் பாக்கல. சரியா?"

"சரிக்கா."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வழியில அழுதாளாடா?"

"சேச்சே! சிரிச்சுக்கிட்டேதான் வந்தா."

"பொய் சொல்லாதடா. அவ கண்ணைத் துடைச்சத நான்தான் பாத்தேனே!"