என் கடலைக் கொல்லைக்கு ஒரு கார்டு

எழுபதுகளில், மானைச் சுட்டால் ஜெயில் என்று சட்டம் வந்திருந்த புதிது. குன்றக்குடிக்குப் பக்கத்தில் என் அப்பா சீதனமாகக் கொடுத்த ஒரு ஏக்கர் செம்மண் நிலத்தில் கடலை போட்டிருந்தேன். வீட்டுக்காரர் தச்சர். உளி பிடித்த கைக்கு மண்வெட்டி ஆகாது. "இந்த வருசமும் கடலை வீடு வந்து சேரலைன்னா நிலத்தை வித்துப்புடுவேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு ஏக்கர்தான்.

கடலை வீடு வராததற்குக் காரணம் புள்ளிமான்கள். பக்கத்துப் புதர்க்காட்டிலிருந்து விடியற்காலையில் வந்து, கொழுந்தாகப் பார்த்து மேயும். தகரம் தட்டிப் பார்த்தேன். முதல் நாள் ஒரு பெண்மான் காலால் தரையை உதைத்துக் குரல் கொடுத்தது, கூட்டமே பறந்தது. இரண்டாம் நாள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. எனக்குத்தான் கை வலி.

"ஒரு பொம்மை செஞ்சு தாரீகளா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். இரண்டு குச்சியைக் கட்டினால் போதும். மனிதர் தோள்பட்டை, முழங்கை எல்லாம் வைத்து இழைத்துக் கொண்டுவந்து நட்டார். தபால்காரரான என் அண்ணனின் பழைய காக்கி உடுப்பையும் தொப்பியையும் மாட்டிவிட்டேன். அண்ணனைவிட லட்சணமாக இருந்தது.

மான்களுக்கும் பிடித்துப்போயிற்று. ஓர் ஆண்மான் பொம்மையின் காலில் கொம்பைத் தேய்த்துச் சுகமாகச் சொறிந்துகொண்டது. பத்து வந்த இடத்தில் இருபது வந்தன. ஏனென்று விளங்கவில்லை.

காரணம் ஒரு மத்தியானம் வாசலுக்கே வந்தது. ஊரில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த ஆள் தயங்கித் தயங்கி நின்றார்.

"அக்கா, உங்க கொல்லையில ஒரு ஃபாரஸ்ட் கார்டு விடியுமுன்னயே வந்து நிக்கிறாரே, எம்புட்டு நாளைக்கு இங்குட்டு இருப்பாரு?"

பதினைந்து நாளாகக் கண்மாய்க்கரையிலிருந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறாராம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வெடிச்சத்தம் கேட்காத இடம் என் கொல்லை ஒன்றுதான். மான் வேறு எங்கே போகும்? வேலியே பயிரை மேயும் என்பார்கள். என் வேலி ஊர் மானையெல்லாம் கூட்டி விருந்து வைத்துக்கொண்டிருந்தது.

"அது பொம்மை" என்ற ஒரு சொல் போதும். கடலை தப்பும், நிலமும் தப்பும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அன்று காலையில்தான் வரப்போரப் புதரில் ஒரு மான்குட்டியைத் தெரியாமல் மிதிக்க இருந்தேன். தாய் அதைப் படுக்கவைத்துவிட்டு மேயப் போயிருந்தது. என் கால் பக்கத்தில் வந்தும் குட்டி அசையவில்லை. கண்ணை மட்டும் என்மேல் வைத்திருந்தது.

"மாத்தல் வர்ற வரைக்கும் இருப்பாராம்" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ரொம்பக் கண்டிப்பான ஆளு. ஒரு வாய் டீ குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்கிறாரு."

"அம்புட்டு நேர்மையா!" என்று மிரண்டு போய்விட்டார் மனிதர்.

ஐப்பசியில் கடலை பிடுங்கினோம். ஒரு சாக்குகூட நிறையவில்லை. வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாதவர். தை மாதம் நிலத்தை விற்றார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதேன். என் அப்பாவின் மண்ணாயிற்றே. வீட்டுக்காரருக்கோ வேறு கவலை.

"அம்புட்டு நல்லா செஞ்சும் ஒரு மானுகூடப் பயப்படலையே" என்றார்.

"ஆமா, மானுதான் பயப்படல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.