பாயசத்துக்கு முன்னால் டேப்

கட்டட விதிகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அவற்றை அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று வாய் திறந்து சொல்ல வைப்பதுதான் என் பிழைப்பு. திருவனந்தபுரத்தில் கட்டடங்களைச் சோதிக்கப் போகும் புது ஓவர்சியர்களுக்கு நான் பயிற்சி தருகிறேன். கல்யாண வீட்டில் "போதும்" என்று சொல்லத் தெரியாமல் மூன்றாம் முறையும் பாயசம் வாங்கிக்கொண்ட உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பால் பொங்கிய வீடு

இங்கே கட்டட நிறைவுச் சான்றிதழ் வருவதற்கு முன்பே பால் காய்ச்சிக் குடியேறிவிடுவார்கள். பால் பொங்கிய வீட்டில் குற்றம் சொல்ல எவருக்கும் மனசு வராது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

ஸ்ரீவராகத்தில் அப்படி ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றே என் ஆட்களைக் கூட்டிப்போனேன். பக்கத்து மதிலுக்கும் இந்த வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு பூனை ஒருக்களித்துத்தான் போகலாம். அதைச் சுட்டிக்காட்டலாம் என்று திரும்பினால், மொத்தக் கூட்டமும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. அனில் என்கிற ஓவர்சியரை எழுப்பி, "அந்த இடைவெளியை அளந்தாயா?" என்று கேட்டேன். அவன் இலையை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான்.

"சாரே, பாயசம் குடிச்சாச்சு. இனி எங்ஙனே நோட்டீஸ் கொடுக்கும்?"

நீலத் தொட்டி

அன்றிலிருந்து அளக்கிற டேப் முதலில், பாயசம் பிறகு என்று சட்டம் போட்டேன். அடுத்துப் போனது கரமனையில் ஒரே காண்ட்ராக்டர் கட்டிய இரண்டு வீடுகளுக்கு. வீட்டுக்கு ஒரு மழைநீர்த் தொட்டி கட்டாயம். முதல் வீட்டில் நீல நிறத்தில் ஒன்று இருந்தது. காண்ட்ராக்டர் வரவழைத்த சாயாவை நிதானமாகக் குடித்துவிட்டு இரண்டாவது வீட்டுக்குப் போனோம். அங்கேயும் நீலத் தொட்டி.

கூட்டத்தில் செல்வி என்று ஒரு பெண், ஆரியசாலைத் தமிழ்க்காரி. கழுகுக் கண். "சார், மூடியில அதே விரிசல், அதே காக்கா எச்சம்" என்று என் காதில் சொன்னாள். காண்ட்ராக்டரிடம் சொல்லும்மா என்றேன். "அவர் மூஞ்சி வாடிருமே சார்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கண் இருந்து வாய் இல்லாவிட்டால் இந்த வேலைக்கு ஆகாது. கடைசியில் நானே கேட்டேன். காண்ட்ராக்டர் மூஞ்சி வாடவே இல்லை.

"மழை ஒண்ணுதானே சாரே, தொட்டி எதுக்கு ரெண்டு?"

சர்பத் கிளாஸ்

கடைசிப் பரீட்சை சாலை என்கிற பெரிய கடைத்தெருவில். நோட்டீஸில் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி உடன் வருவார். ஆனால் குறையைப் பரீட்சை எழுதுகிறவர் தன் வாயால் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் களப்பணிக்குத் தகுதி இல்லை என்று நான் எழுதியாக வேண்டும். செல்விக்கு வந்தது ஒரு பெயின்ட், ஹார்டுவேர் கடை. நானே ஆணியும் தாழ்ப்பாளும் வாங்குகிற கடைதான். அது அவள் சித்தப்பா கடை என்பது, அவர் "வா மோளே" என்று எழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாடியில் தென்காசிப் பக்கத்து வேலையாட்கள் படுக்கிறார்கள். இறங்க ஒரே படிக்கட்டு. அதில் கீழிருந்து மேல்வரை பெயின்டில் கலக்கும் தின்னர் டின். வரைபடத்தில் இருந்த இரண்டாவது படிக்கட்டு அலமாரியாகிவிட்டது. ஒரு தீப்பொறி போதும். சித்தப்பா எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தார். செல்வி கிளாஸை வாங்கிக்கொண்டு படிக்கட்டையே பார்த்தாள். எனக்கு நாக்கு அரித்தது. ஆனால் நான் சொன்னால் அவள் தோற்றுப்போவாள்.

அளப்பதற்காகக் கிளாஸைப் படியில் வைக்கக் குனிந்தாள். வைக்க இடம் இல்லை. அடுத்த படியிலும் இல்லை. கிளாஸைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

"சித்தப்பா, ஒரு கிளாஸ் வைக்க எடமில்ல. மேல இருக்கவங்க எப்படி ஓடி வருவாங்க? டின்ன எறக்குற வரைக்கும் மாடியில யாரும் படுக்கக் கூடாது."

சித்தப்பா மூஞ்சி வாடத்தான் செய்தது. அவள் பார்வையை எடுக்கவில்லை. வேலையாட்கள் யாரும் சொல்லாமலே டின்களை இறக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மதிப்பெண் போடுகிறவன் கைதட்டக் கூடாது. சித்தப்பா என்னிடம் வந்தார்.

"சாரே, படிப்பிச்சு விட வேற வீட்டுப் பிள்ள கெடைக்கலியா?"

செல்வி தேறிவிட்டாள், எனக்குத்தான் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஆணி வாங்கக்கூட வேறு கடை பார்க்க வேண்டியிருக்கிறது.